மாதவிலக்கு நின்ற பிறகு வரும் எரிச்சலும் வறட்சியும்: எதை வாங்குவது, யாரிடம் போவது, எத்தனை நாள் ஆகும்

எனக்கு 49 வயதில் மாதவிலக்கு நின்றது. அடுத்த வருடமே கீழே எரிச்சல் தொடங்கிவிட்டது. சிறுநீர் கழித்தால் எரியும், கொஞ்ச தூரம் நடந்தால் உரசும், தாம்பத்திய உறவு என்று நினைத்தாலே உடம்பு இறுகிக்கொள்ளும். சரியான மருந்து என் கைக்கு வந்து சேர 14 மாதம் ஆனது. இதற்காக மொத்தம் 9,000 ரூபாய் வரை செலவழித்திருப்பேன், அதில் முக்கால்வாசி தேவையே இல்லாத பொருட்களுக்குப் போனது. பணம் போனதைவிட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்ததுதான் இன்றும் மனதில் நிற்கிறது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

உறவு இல்லாதவர்களும் இதைப் படியுங்கள். கணவரை இழந்தவர்கள், தனியாக வாழ்பவர்கள், திருமணம் செய்துகொள்ளாதவர்கள் எல்லோருக்கும் இந்த வறட்சி வரும். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு 38, 40 வயதிலேயே, அதுவும் ஒரேயடியாக வந்துவிடும்.

1. இது சூடு என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்

எரிச்சல் என்றதும் என் அம்மா முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சூடு பிடிச்சிருக்கு." வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன், வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். உடம்புக்கு நல்லதுதான். இந்த எரிச்சல் மட்டும் அசையவில்லை.

நடப்பது இதுதான். சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைத்ததும் யோனியின் உட்தோல் மெலிந்துவிடுகிறது. ஈரமும் குறைகிறது, நெகிழ்வும் குறைகிறது. அந்தத் தோலில் சேரும் சர்க்கரைச் சத்தை உண்டு வாழும் நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. அவைதான் அந்த இடத்தை அமிலத்தன்மையோடு வைத்து, கெட்ட கிருமிகள் அண்டாமல் பார்த்துக்கொள்ளும். தோல் மெலிந்தால் அவற்றுக்கு உணவில்லை. மாதவிலக்கு நிற்பதற்கு முன் 3.5 முதல் 4.5 வரை இருந்த பி.எச். அளவு, 5-ஐத் தாண்டிவிடும். பி.எச். எண் கூடினால் அமிலத்தன்மை குறைகிறது என்று அர்த்தம். சிறுநீர்ப் பாதையின் வாய்ப்பகுதியும் இதே ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் சிறுநீர்க் கடுப்பு, அவசரம், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று எல்லாம் கூடவே வருகின்றன.

உடம்பெல்லாம் குப்பென்று ஏறும் சூடும் வியர்வையும் பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் தணிந்துவிடும். வறட்சி அப்படித் தணிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கூடத்தான் செய்யும். போகப் போகச் சரியாகும் என்று காத்திருந்தது என் முதல் தவறு.

சில மருந்துகளும் வறட்சியைக் கூட்டும். சளிக்கும் அலர்ஜிக்கும் தினமும் போடும் செட்டிரிசின் போன்ற மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் தரும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் இந்த வகை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பெயர்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள், 7-ஆவது படியில் அந்தத் தாள் தேவைப்படும்.

2. இன்றைக்கே கழுவும் முறையை மாற்றுங்கள்

இதற்குக் காசு செலவில்லை. பலருக்குப் பாதி எரிச்சல் இதிலேயே அடங்கிவிடும், எனக்கு 10 நாளில் வித்தியாசம் தெரிந்தது.

எரிகிறதே, அழுக்கோ கிருமியோ என்று பயந்து ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். டிவி விளம்பரத்தில் பார்த்து, பெண்களுக்கான திரவ வாஷ் ஒன்றும் வாங்கினேன். வேப்பிலை கொதித்த தண்ணீர், மஞ்சள் தண்ணீர், படிகாரம் கரைத்த தண்ணீர் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. படிகாரம்தான் இருப்பதிலேயே மோசம், இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது சுண்ட வைத்துவிடும். கிருமிநாசினி ஊற்றிய தண்ணீர், வெந்நீர், எலுமிச்சை, சமையல் சோடா எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

சாதாரணத் தண்ணீர் போதும். வெளிப்பக்கம் மட்டும், முன்னிருந்து பின்பக்கமாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை கழுவுங்கள். உள்ளே கழுவவே கூடாது. டாய்லெட்டில் கைப்பிடிக் குழாய் இருந்தால் வேகமாக நேரே பீய்ச்சாதீர்கள், மெலிந்த தோலுக்கு அந்த வேகமே ஒரு அடி. மெத்தென்ற பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

சிறுநீர் போகும்போது எரிகிறது என்றால், போகும்போதே ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். சிறுநீர் நீர்த்துவிடுவதால் எரிச்சல் சட்டென்று குறையும். இதைச் சொல்லித் தந்தது ஒரு நர்ஸ் அம்மா. எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், சிறுநீர் கெட்டியானால் இன்னும் எரியும்.

உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும். சலவைப் பவுடர் போக இரண்டு முறை அலசி, வெயிலில் காயப்போடுங்கள். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம். ராத்திரி உள்ளாடை இல்லாமல் நைட்டி மட்டும் போட்டுத் தூங்கினால் காற்று படும். இருமினால் சிறுநீர் கசிகிறது என்று நாள் முழுக்க நாப்கின் வைத்துக்கொள்பவர்கள் அடிக்கடி மாற்றுங்கள், வாசனை போட்டதை வாங்காதீர்கள். நடக்கும்போது உரசினால் வெளித்தோலில் மட்டும் சுத்தமான தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவிக்கொள்ளலாம்.

3. கடைக்குப் போவதற்கு முன்: இவை இருந்தால் நேராக டாக்டரிடம்

ஒரு வருடம் முழுக்க மாதவிலக்கு இல்லாமல் இருந்து, அதன் பிறகு ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். வறட்சியாலும் ரத்தக் கசிவு வரும்தான். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே. ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் பொதுவாகப் பயம் குறைவு, அதைத் தாண்டினால் திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளித்தோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்தோ, காகிதம் போலச் சுருங்கியோ, ராத்திரியில் தாங்க முடியாத அரிப்போடு இருந்தால் அது லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு வேறு களிம்பு உண்டு, எந்த லூப்ரிகண்டாலும் அது குணமாகாது. கட்டி, ஆறாத புண், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சலோடு சிறுநீர்க் கடுப்பு இவையும் டாக்டரிடம் போக வேண்டியவை.

இங்கே என் இரண்டாவது தவறைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்பு, எரிச்சல்" என்றதும் பூஞ்சைத் தொற்றுக்கான குளோட்ரிமசோல் கிரீமும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் மூன்று முறை வாங்கிப் போட்டேன். எனக்குப் பூஞ்சைத் தொற்றே இல்லை, அந்தக் கிரீம் எரிச்சலைக் கூட்டித்தான் விட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு பூஞ்சைத் தொற்று பொதுவாகக் குறைந்துவிடும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத்தான் அடிக்கடி வரும். தயிர் திரிந்தாற்போல வெள்ளைப்பட்டு அரித்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ஒரு முறைக்கு மேல் நீங்களாகப் பூஞ்சை மருந்து வாங்கிப் போடாதீர்கள்.

4. மூன்று பொருள், மூன்று வேலை

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். மூன்றும் ட்யூபில் வரும், மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரருக்கே சில சமயம் வித்தியாசம் தெரிவதில்லை.

லூப்ரிகண்ட் என்பது வழுக்கும் ஜெல். உறவின்போது உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை எரிச்சலுக்கு அது மருந்தாகாது.

யோனிக்கான மாய்ஸ்சரைசர் வேறு. முகத்துக்குக் கிரீம் போடுவது போல, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, படுக்கப் போகும்போது உள்ளே வைக்க வேண்டியது. தோலில் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஹையலூரானிக் அமிலம் உள்ள ஜெல்கள் இந்த வகை. தினசரி எரிச்சல், உட்கார்ந்தால் உறுத்தல் என்பவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டும். முகத்துக்கும் கைக்கும் போடும் மாய்ஸ்சரைசரை அங்கே போடவே கூடாது.

மூன்றாவது ஈஸ்ட்ரோஜன் கிரீம். இது மருந்து, டாக்டர் சீட்டு வேண்டும். இந்த மூன்றில், மெலிந்த தோலை மறுபடி தடிமனாக்குவது இது ஒன்றுதான். 8-ஆவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

லேசான வறட்சிக்கு முதல் இரண்டும் போதும். மாய்ஸ்சரைசரை ஒழுங்காக 4 முதல் 6 வாரம் போட்டும் மாற்றம் இல்லையென்றால் மூன்றாவதற்குப் போங்கள்.

5. லூப்ரிகண்ட் வாங்கும்போது

நான் முதல் முறை வாங்கப் போனது ஒரு மத்தியான நேரம். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். "அண்ணே, ஜெல்லி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஜெல்லிதானேம்மா, இந்தாங்க" என்று ஒரு வெள்ளை ட்யூபைப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் படிக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி எரிச்சலே தெரியவில்லை, அடடா என்று சந்தோஷப்பட்டேன். காலையில் எழுந்தால் உட்காரவே முடியவில்லை, தோல் கீறியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் படித்தால், பெட்டியில் லிக்னோகைன் 2 சதவீதம் என்று இருக்கிறது. மரத்துப்போக வைக்கும் ஜெல்லி, சிறுநீர்க் குழாய் போடும்போது ஆஸ்பத்திரியில் தடவுவார்களே, அது. வலி தெரியாததால் காயம் பட்டதும் தெரியவில்லை.

அதனால் "ஜெல்லி" என்று மட்டும் கேட்காதீர்கள். "தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகண்ட் ஜெல்" என்று முழுசாகச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் போனில் எழுதிக் காட்டுங்கள். காசு கொடுப்பதற்கு முன் பெட்டியில் லிக்னோகைன் அல்லது லிடோகைன் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வைத்துவிடுங்கள். ஸ்கேன் எடுக்கத் தடவும் ஜெல்லும் இதற்கு மாற்று இல்லை.

லூப்ரிகண்டில் மூன்று வகை. தண்ணீர் அடிப்படையிலானது எங்கும் கிடைக்கும், ஆணுறையோடு ஒத்துப்போகும், துணியில் கறை நிற்காது. சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது அதன் குறை. காய்ந்தால் இன்னும் கொஞ்சம் போடலாம், அல்லது ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டால் மறுபடி வழுக்கும். சிலிக்கோன் அடிப்படையிலானது நீண்ட நேரம் நிற்கும், கொஞ்சம் போதும், தோலை எரிச்சல்படுத்துவதும் குறைவு. வறட்சி அதிகம் உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். விலை கூடுதல், மெடிக்கல் ஷாப்பில் அரிது, ஆன்லைனில்தான் பெரும்பாலும் கிடைக்கும். குளியலறைத் தரையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும் வயது நமக்கு.

மூன்றாவது எண்ணெய். வீட்டிலேயே இருக்கிறதே என்று பலரும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள். வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் ரப்பர் ஆணுறை எண்ணெய் பட்டால் கிழிந்துவிடும், இதில் விதிவிலக்கே இல்லை. எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டதே, ஆணுறை எதற்கு என்று நினைக்காதீர்கள். 50 வயதுக்குள் நின்றவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து 2 வருடமும், 50-க்கு மேல் நின்றவர்கள் 1 வருடமும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அடிக்கடி தொற்று வருபவர்கள் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. வாசலினை உள்ளே போடாதீர்கள், அது தங்கிப்போய்த் தொற்றுக்கு இடம் கொடுக்கும். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், எச்சில் எதுவும் வேண்டாம்.

அப்புறம் பெட்டியின் பின்பக்கம். எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சூடேற்றும், குளிர வைக்கும், சிலிர்க்க வைக்கும் என்று முன்பக்கம் போட்டிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். மெலிந்த தோலில் அவை மிளகாய் பட்டது போல எரியும். ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட் வாசனைகளும் அப்படித்தான். பின்பக்கம் பாரபென், குளோர்ஹெக்சிடின், வாசனைத் திரவியம், விந்தணுவைக் கொல்லும் மருந்து இருக்கக் கூடாது. கிளிசரினோ புரொப்பிலீன் கிளைக்காலோ பட்டியலின் முதல் மூன்று பெயர்களுக்குள் வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

கிளிசரினில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஊறுகாயில் உப்புப் போட்டால் மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறதல்லவா, அதே வேலைதான். ஜெல் மிகவும் செறிவாக இருந்தால் தோலின் அணுக்களிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். இந்தச் செறிவுக்கு ஆஸ்மோலாலிட்டி என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 1,200-ஐத் தாண்டக் கூடாது, 380-க்குள் இருந்தால் மிக நல்லது என்கிறது, பி.எச். 4.5 அளவில் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊர்ப் பெட்டிகளில் இந்த எண்களைப் போடுவது அபூர்வம். போட்டிருந்தால் அந்தப் பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

விலை, நான் வாங்கியபோது: தண்ணீர் வகை 50 மில்லி 200 முதல் 400 ரூபாய், சிலிக்கோன் வகை 500-க்கு மேல், ஹையலூரானிக் ஜெல் ட்யூப் 600-ஐ ஒட்டி. முதல் முறை இருப்பதிலேயே சின்ன அளவை வாங்குங்கள். திறந்த பொருளை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வெளியே சாதாரணமாகத்தான் வரும், ஆனால் உள்ளே இருக்கும் பில்லில் பொருளின் பெயர் முழுசாக இருக்கும். வீட்டில் பிள்ளைகளோ மருமகளோ பார்சலைப் பிரிக்கும் வழக்கம் இருந்தால், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து ஆர்டர் போடுங்கள்.

6. போட்டுப் பார்க்கும் முறை

முதல் நாள் முன்கையின் உட்பக்கம் ஒரு சொட்டுத் தடவி 24 மணி நேரம் விடுங்கள். சிவக்கவில்லை என்றால் அடுத்த நாள் யோனியின் வெளிப்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மூன்றாம் நாள் உள்ளே. போட்டதும் ஒரு நொடி சுரீர் என்று இருந்து அடங்கினால் பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் எரிந்தால் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த ட்யூபை மறந்துவிடுங்கள்.

உறவின்போது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரு டீஸ்பூன் அளவு, உங்களுக்கும் கணவருக்கும், வாயில்பகுதியிலும் கொஞ்சம் உள்ளேயும். பாதியில் காய்ந்தால் நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள். வலியோடு இரண்டு மூன்று முறை ஆனால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு தசைகளைத் தானாக இறுக்கிவிடும், பிறகு வறட்சி சரியானாலும் வலி நிற்கும். அப்படி ஆகிவிட்டவர்களுக்கு இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். அடியில் ஒரு பழைய துண்டு விரித்துக்கொண்டால் படுக்கை விரிப்பைப் பற்றிய கவலை இருக்காது.

கணவரிடம் படுக்கையில் வைத்துப் பேச்சை எடுக்காதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "என்னங்க, உங்க மேல கோபமோ வெறுப்போ இல்ல. அங்க தோல் காஞ்சு போயிருக்கு, அதான் வலிக்குது. டாக்டர்கிட்ட போகணும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான்தான் உனக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். இவ்வளவு மாதமும் இருவரும் தனித்தனியாக ஒன்றையே நினைத்து வருந்தியிருக்கிறோம்.

7. டாக்டரிடம் போகும் நாள்

எடுத்துப் போக வேண்டியவை: கடைசி மாதவிலக்கு வந்த மாதமும் வருடமும், நீங்கள் போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ஆறு மாதத்துக்குள் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட், பழைய ஸ்கேன், கர்ப்பப்பை அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் சினைப்பைகளை எடுத்தார்களா விட்டார்களா என்று எழுதியிருக்கும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தன் சினைப்பைகள் எடுக்கப்பட்ட விஷயமே 9 வருடம் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இதுவரை உபயோகித்த கிரீம், வாஷ் எல்லாவற்றின் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே எதையும் போடாதீர்கள், பரிசோதனை முடிவு மாறிவிடும்.

சொல்லும்போது "அங்க ஒரு மாதிரி இருக்கு" என்று நிறுத்தாதீர்கள். நான் முதலில் பார்த்த டாக்டரிடம் அப்படித்தான் சொன்னேன், இரண்டு நிமிடத்தில் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார். இரண்டாவது டாக்டரிடம் எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன்: "மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம். பதினான்கு மாதமாக வறட்சி, எரிச்சல். உறவின்போது வலி. பூஞ்சை மருந்து மூன்று முறை போட்டும் பயனில்லை." அவர் பரிசோதித்துவிட்டு ஒரு சின்னக் காகிதப் பட்டையைத் தொட்டு எடுத்துக் காட்டினார். மஞ்சளாக இருந்தது பச்சையாக மாறியிருந்தது. "பாருங்கம்மா, அமிலத்தன்மை போயிடுச்சு. தொற்று இல்ல, ஈஸ்ட்ரோஜன் இல்லாததுதான் காரணம்" என்றார். அந்தப் பட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

உள்ளே பார்க்கும் கருவி வலிக்கும் என்று பயந்தால், "சின்ன சைஸ் போடுங்க டாக்டர், ஜெல் தடவிப் போடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.

செலவு: தனியாரில் எனக்குக் கட்டணம் 600 ரூபாய், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சேர்த்துப் பரிசோதனைகள் 1,100. கல்ச்சர் முடிவு வர 2, 3 நாள் ஆகும். அதற்குச் சிறுநீர் கொடுப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் இந்த வெளிநோயாளிச் செலவு வராது. அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மகளிர் நோய்ப் பிரிவு உண்டு. சென்னையில் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும், கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையும் இருக்கின்றன. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், அரை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் அன்றைக்கே கேட்டு முடித்துக்கொள்ளலாம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது அரசு நிலையங்களில் இலவசம்.

8. ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுத்தால்

பெரும்பாலும் எஸ்ட்ரியால் கிரீம்தான் கொடுப்பார்கள். வழக்கமான முறை, முதல் 2 வாரம் தினமும் ராத்திரி, அதன் பிறகு வாரம் இரண்டு முறை. அளவை டாக்டர் சொல்வார், கூடவே வரும் குழலில் அந்தக் கோடு வரைதான் நிரப்ப வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குழலை வலிக்காத அளவுக்கு உள்ளே வைத்து அழுத்துங்கள். முதல் சில நாள் குழலே உறுத்தினால் சுத்தமான விரல் நுனியில் எடுத்துத் தடவலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாயில்பகுதியிலும் சிறுநீர் துவாரத்தைச் சுற்றியும் ஒரு பயறு அளவு தடவச் சொன்னார் என் டாக்டர், எனக்குச் சிறுநீர் எரிச்சல் நின்றது அதில்தான். குழலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். இதை லூப்ரிகண்டாக, உறவுக்கு முன் போடக் கூடாது, மருந்து கணவரின் தோலில் சேரும்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தால் பயந்துவிடுவீர்கள். புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம் என்று வரிசையாக இருக்கும். நான் படித்துவிட்டு இரண்டு வாரம் ட்யூபைத் திறக்கவே இல்லை. மாத்திரையாக உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோனை வைத்து எழுதிய எச்சரிக்கைகள் அவை. யோனியில் வைக்கும் குறைந்த அளவு கிரீமிலிருந்து ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. அவர்கள் மாய்ஸ்சரைசரையும் சிலிக்கோன் லூப்ரிகண்டையும் முதலில் முயன்று பார்க்கலாம்.

பலன் தெரிய 2 வாரத்திலிருந்து 12 வாரம் ஆகும். முதல் வாரத்தில் கொஞ்சம் எரியும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். எனக்கு ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் காலை, எரிச்சலே இல்லாமல் சிறுநீர் போனது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சரியானதும் நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி வந்துவிடும். இது தொடர்ந்து போட வேண்டியது, பிரஷர் மாத்திரை மாதிரி. 3 மாதத்தில் ஒருமுறை காட்டுங்கள், பிறகு வருடம் ஒருமுறை. கிரீம் போடும்போது ரத்தம் தெரிந்தால் அந்த வாரமே போய்விடுங்கள்.

9. லேசர் விளம்பரம் வந்தால்

வறட்சிக்கு லேசர், ஒரே மாதத்தில் இளமை என்று விளம்பரங்கள் வருகின்றன, மூன்று தடவைக்கு ஐம்பதாயிரம் என்றுகூட ஓர் இடத்தில் சொன்னார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது: மாதவிலக்கு நின்ற பிறகான அறிகுறிகளுக்கு இந்தக் கருவிகளுக்கு அனுமதி தரப்படவில்லை, தீக்காயம், தழும்பு, தீராத வலி ஏற்பட்டிருக்கிறது என்று. 12 வாரம் கிரீம் போட்டுப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

10. ஸ்டாக் வைத்துக்கொள்ளுதல்

ட்யூபைத் திறந்த தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்பது மறந்துபோகும், நான் செவ்வாயும் சனியும் என்று காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இந்தக் கிரீம் இருப்பதில்லை, சொல்லி வைத்தால் இரண்டு நாளில் வரவழைத்துத் தருவார்கள், அதனால் தீருவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போனபோது எடுத்துப் போக மறந்து, திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார முடியாமல் வந்தேன். இப்போது பயணப் பையில் பல் விளக்கும் பிரஷ் பக்கத்திலேயே ஒரு ட்யூப் இருக்கிறது, சாமான் இறக்கினாலும் அதை மட்டும் வெளியே எடுப்பதில்லை.